சிறுவர் மாயக்கதைகளில் எதிர்பாராத உதவியாளர்களும் சமயக் குறியீடுகளும்: பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜார்ஜ் டவுனில் வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து மாயக்கதைகள் படிக்கிறோம். 9 முதல் 13 வயது வரை உள்ளவர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன: இந்தக் கதைகளுக்குள் சாமி இருக்கிறதா, இருந்தால் அது யாருடைய சாமி, நம் பிள்ளையை அது என்ன செய்யும்? நின்றபடி ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் எழுதியே வைத்துவிட்டோம். கதைகளின் முடிவுகள் ஆங்காங்கே வெளிப்படும், இன்னும் படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராத உதவியாளர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கதாநாயகன் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, யாரும் கணக்கில் வைக்காத ஒருவர் வந்து கை கொடுக்கிறார் அல்லவா, அவரைத்தான். எலி, கிழவி, படகோட்டி, நாடு கடத்தப்பட்ட கரடி, சில நேரம் எதிரியே. ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப் 1928இல் தன் நாட்டு மாயக்கதைகளைப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் வரும் பாத்திரங்களை ஏழே வகைக்குள் அடக்கினார்; அந்த ஏழில் இரண்டு இடம், பொருள் கொடுத்து உதவுகிறவருக்கும் கூடவே வந்து உதவுகிறவருக்கும் போய்விட்டது. உதவியாளர் இல்லாமல் மாயக்கதையே நகராது. ஆனால் பிராப் கதையின் எலும்பைத்தான் பார்த்தார். உதவி ஏன் இந்த ஆளிடமிருந்து வருகிறது, வேறு ஆளிடமிருந்து ஏன் வரவில்லை என்று கேட்கும்போதுதான் சமயம் உள்ளே வருகிறது.

நார்னியா கிறிஸ்தவக் கதை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் இளம் வயதில் கடவுள் நம்பிக்கையை விட்டு, 1931இல் மறுபடி கிறிஸ்தவத்துக்குத் திரும்பியவர். அந்த மாற்றத்தில் அவருடைய நண்பரும் எழுத்தாளருமான டோல்கீனுக்குப் பெரிய பங்கு உண்டு. நார்னியாவின் ஏழு நூல்கள் 1950 முதல் 1956 வரை வெளிவந்தன. முதல் நூலில் அஸ்லான் என்னும் சிங்கம், துரோகம் செய்த எட்மண்ட் என்ற பையனுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுத்து, மறுநாள் காலை உயிரோடு எழுகிறது. ஞாயிறு பள்ளிக்குப் போகும் பிள்ளை இதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு சிங்கம், அவ்வளவுதான், அதுவும் நிறைவான வாசிப்புத்தான்.

லூயிஸ் தன் கதையை உருவகம் என்று சொல்ல ஒப்புக்கொள்ளவில்லை. நார்னியா போல ஓர் உலகம் இருந்து, அங்கே இறைவன் வர நேர்ந்தால் எந்த உருவில் வருவார் என்று நினைத்துப் பார்த்தேன் என்றுதான் விளக்கினார். அப்புறம் இன்னொன்று. அந்தக் கதையில் லூசி என்ற சிறுமி நார்னியாவில் முதலில் சந்திப்பது குடை பிடித்த டம்னஸ் என்ற பாதி ஆடு, பாதி மனிதன். இது கிறிஸ்தவத்துக்கு முந்திய பழைய ரோமானியர் நம்பிக்கையில் வரும் காட்டுவாசி. ஒரு கிறிஸ்தவர் எழுதிய கதையின் வாசலில் வரவேற்க நிற்பது வேறு சமயத்து உயிர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மகள் மனசு மாறிவிடுமோ என்று பயப்படும் அம்மாக்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

சிங்கத்தைப் பற்றிப் பேசாமல் எலிகளைப் பற்றியே ஏன் பேசுகிறீர்கள்?

சிங்கம் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் பேச்சு முடிந்துவிடுகிறது, எலியிடம்தான் தொடங்குகிறது.

அந்தக் காட்சி இப்படி. கல்மேடையில் அஸ்லான் கட்டுண்டு இறந்து கிடக்கிறது. இரண்டு பெண் பிள்ளைகள் அழுதுகொண்டே கயிற்றை அவிழ்க்கப் பார்க்கிறார்கள், முடிச்சு அசையவில்லை. விடியும் நேரத்தில் குட்டிக் குட்டியாக எலிகள் வந்து சிங்கத்தின் உடம்பில் ஏறுகின்றன. மூத்தவள் அருவருத்து விரட்டப் போகிறாள். உற்றுப் பார்த்தால் அவை கயிறுகளைக் கடித்துக்கொண்டிருக்கின்றன. சிங்கம் செத்துவிட்டது என்பதுகூட அந்த எலிகளுக்குத் தெரியாது, கட்டியிருக்கிறார்களே, அவிழ்த்துவிடுவோம் என்று வந்திருக்கின்றன. யாரும் கூப்பிடவில்லை, பலன் இருக்குமா என்றும் அவை யோசிக்கவில்லை. அடுத்த நூலில், 1951இல் வந்தது, அந்த இரவு செய்த உதவிக்காகத்தான் நார்னியா எலிகளுக்குப் பேச்சு வந்தது என்று அஸ்லானே சொல்கிறது.

இதைப் படித்ததும் நம் பிள்ளைகளுக்கு அணில் ஞாபகம் வருகிறது. நாங்கள் சொல்லிக் கொடுக்காமலே வருகிறது. வால்மீகியில் அணில் கதை கிடையாது. ஆனால் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் அதைப் பாடுகிறார். குரங்குகள் மலைகளைத் தள்ளிக்கொண்டு வர, அணில்கள் தண்ணீரில் குளித்து, மணலில் புரண்டு, ஓடிப்போய்க் கடலை அடைக்கப் பார்த்தனவாம். அந்தக் கள்ளமற்ற அணிலைப்போலக்கூட நான் இல்லையே என்று ஆழ்வார் வருந்துகிறார். வேலையின் அளவு அங்கே பொருட்டில்லை. லூயிஸ் திருமாலை படித்திருக்க வாய்ப்பே இல்லை, ஆனாலும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

உதவி ஏன் எப்போதும் தாழ்ந்த நிலையில் உள்ளவர்களிடமிருந்தே வருகிறது?

இந்தக் கேள்விக்குத் தமிழ்ப் பிள்ளைகளைவிட நல்ல பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு என்று உண்மையாகவே நினைக்கிறேன், ஏனென்றால் பாட்டி சொல்லும் கதைகளிலேயே பதில் இருக்கிறது. வைகை கரை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவிட, பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு ஒரு கூலிக்காரன் வருகிறான், வேலை செய்யாமல் ஆடிப்பாடித் திரிகிறான், அரசன் பிரம்பால் அடிக்க அந்த அடி அரசன் உட்பட எல்லா உயிர்மேலும் விழுகிறது. வந்தவன் சிவன். அதே திருவிளையாடல் மரபில் அவன் விறகு விற்கிறான், தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குத் தாய்ப் பன்றியாக வந்து பால் கொடுக்கிறான். முருகன் ஆடு மாடு மேய்க்கும் பையனாக மரத்தில் உட்கார்ந்து, சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று ஔவையிடம் கேட்கிறான்.

மற்ற சமயங்களிலும் இது உண்டு. பைபிளில் பிலேயாம் என்ற தீர்க்கதரிசியின் கண்ணுக்குத் தெரியாத தேவதூதனை அவன் ஏறி வந்த கழுதை பார்க்கிறது, அடி வாங்கிய பிறகு வாய் திறந்து பேசுகிறது. எலியாவுக்குக் காக்கைகள் உணவு கொண்டுவருகின்றன. குர்ஆனில் சுலைமான் நபியின் படை வருவதை ஓர் எறும்பு தன் கூட்டத்துக்குச் சொல்லி எச்சரிக்கிறது, ஒரு கொண்டலாத்திப் பறவை தூர தேசத்து அரசியைப் பற்றிய செய்தியைக் கொண்டுவருகிறது. நபிகள் நாயகம் குகையில் தங்கியபோது சிலந்தி வலை பின்னி மறைத்த கதையை இங்கே பல பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் உதவி எதிர்ப்பக்கம் போகிறது: வேடனிடம் சிக்கிய மான், குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வருகிறேன் என்று கெஞ்ச, நபி அதற்குப் பிணை நிற்கிறார், மான் சொன்னபடியே திரும்பி வருகிறது.

ஆக, மாயக்கதை எழுதியவர்கள் எலியையும் கிழவியையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பெரியது சிறியதன் வடிவில் வரும், அதை மதிக்கத் தெரிந்தவன்தான் பிழைப்பான் என்ற பழைய நம்பிக்கையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜார்ஜ் மெக்டொனால்டு 1872இல் நூலாக வெளியிட்ட பூதக் கதையில், மாளிகையின் உச்சியறையில் நூல் நூற்றுக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி, கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்றைச் சிறுமியின் கையில் கொடுக்கிறாள். நூலைப் பிடித்துக்கொண்டே போ, அது எங்கே கூட்டிப்போனாலும் சந்தேகப்படாதே என்கிறாள். பாட்டி இருப்பதையே மற்றவர்கள் நம்பவில்லை. நம்பிக்கை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு இதைவிட எளிமையாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை.

எதிரியே உதவியாளராக வருவதை எப்படிப் புரிந்துகொள்வது?

டோல்கீன் கதைகளில் வரும் கோல்லம் என்ற கெட்டவன்தான் இதற்குச் சரியான உதாரணம். 1937இல் வந்த முதல் நூலின் 1951 திருத்தப் பதிப்பில், கோல்லத்தைக் கொல்ல வாய்ப்பிருந்தும் கதாநாயகன் பில்போ இரக்கப்பட்டு விட்டுவிடுகிறான். 1954-55இல் வந்த பெரிய நூலின் முடிவில், தீமை நிறைந்த மந்திர மோதிரத்தை அழிக்க வேண்டிய நாயகன் கடைசி நொடியில் மனம் தளர்ந்து, அது எனக்கே என்கிறான். அப்போது மோதிரத்தின் மேல் இருக்கும் வெறியால் கோல்லம் அதைப் பறித்து, அதோடு நெருப்பில் விழுகிறான். நல்லவனால் முடியாததைக் கெட்டவன், தான் நினைக்காமலே முடித்து வைக்கிறான்; அவன் உயிரோடு இருந்ததற்குக் காரணம் எப்போதோ ஒருவன் காட்டிய இரக்கம். டோல்கீன் உருவகக் கதைகளைப் பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொன்னவர், ஆனால் தன் நூல் அடிப்படையில் கத்தோலிக்க நூல் என்று 1953இல் ஒரு கடிதத்தில் எழுதினார். மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. கிறிஸ்தவ நாள்காட்டியில் மரியாவுக்கு வானதூதர் செய்தி சொன்ன நாள் அது. தெரிந்தவர் கண்ணில் படட்டும் என்று வைத்ததுபோல் அது அமைதியாக அங்கே இருக்கிறது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் பிள்ளைக்கு இது புதிதே இல்லை. முருகன் சூரபத்மனை அழித்துவிடவில்லை, பிளந்து ஒரு பாதியை மயிலாகவும் மறு பாதியைச் சேவலாகவும் ஆக்கித் தன்னோடு வைத்துக்கொண்டான். நாம் கும்பிடும் வாகனமும் கொடியும் பழைய எதிரிதான். கோல்லத்துக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை, அதுதான் இரண்டு கதைக்கும் உள்ள பெரிய வேறுபாடு. இதைப் பற்றிப் பிள்ளைகள் சண்டை போட்டுப் பேசுவார்கள், பேச விடுங்கள்.

உதவியாளர் தோற்றுவிட்டால்?

பல பிள்ளைகள் அழுவது இங்கேதான். டம்னஸ் லூசியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் சூனியக்காரியால் கல்லாக்கப்படுகிறார். சடாயு சீதையைக் காப்பாற்ற முடியாமல் சிறகு வெட்டுண்டு விழுகிறான். சிறகு போய்விட்டதே, உதவி வீணா என்று கேட்டால் இல்லை. எந்தத் திசையில் கொண்டுபோனான் என்ற சேதியைச் சொல்லும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறான், ராமன் தகப்பனுக்குச் செய்வதுபோல் அவனுக்கு ஈமக்கடன் செய்கிறான். தோற்ற உதவியாளரைக் கதை எப்படி நடத்துகிறது என்பதை வைத்து அந்தக் கதையின் தரத்தையே சொல்லிவிடலாம். சும்மா அழவைக்க ஒரு நாயையோ பறவையையோ கொன்றுவிட்டு, அடுத்த பக்கத்தில் மறந்துபோகும் கதைகளும் உண்டு. அவற்றை நாங்கள் எடுப்பதில்லை.

மந்திரம், சூனியம் என்றெல்லாம் வருகிறதே, பாவம் இல்லையா?

எல்லாச் சமயப் பெற்றோரும் இதைக் கேட்கிறார்கள். பதிலாக ஒரு நூலின் கதையைச் சொல்கிறேன். மேடலின் லெங்கிள் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். அவர் 1962இல் வெளியிட்ட கதையில், காணாமல்போன அப்பாவைத் தேடும் பெண்ணுக்கு மூன்று விசித்திரக் கிழவிகள் உதவுகிறார்கள். பார்த்தால் சூனியக்காரிகள் மாதிரி. அவர்களில் ஒருத்தி உண்மையில் முன்பு நட்சத்திரமாக இருந்தவள், இருட்டை எதிர்த்துப் போராட அந்த நிலையையே விட்டவள். இருட்டோடு போராடியவர்கள் யார் என்று கதையில் கேட்கும்போது முதலில் இயேசு பெயர் வருகிறது, பிறகு புத்தர், காந்தி எல்லாரும் வருகிறார்கள். 1963இல் அமெரிக்காவின் நியூபெரி விருது பெற்ற நூல் அது. அப்படியும் சில கிறிஸ்தவர்களே கிழவிகளைக் காரணம் காட்டி, இயேசுவை மற்றவர்களோடு சேர்த்ததைக் காரணம் காட்டி, அதைப் பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொன்னார்கள்.

மந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பிறரை அடக்கவா, விடுவிக்கவா? இதற்குமேல் உங்கள் வீட்டுச் சமயம் ஒரு கதையை வேண்டாம் என்றால் வேறு கதை படிக்கலாம், யாரையும் வற்புறுத்துவதில்லை.

தலைப்பாகை கட்டிய கறுத்த மனிதர்கள் வில்லன்களாக வருகிறார்களே?

ஆமாம், நார்னியாவின் கலோர்மென் நாட்டவர். கறுத்த முகம், தலைப்பாகை, வளைந்த வாள், கொடூரமான தெய்வம். இது அந்தக் காலத்து ஆங்கிலேயரின் பார்வை, தவறான பார்வை, பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிடுகிறோம். பினாங்கில் வளரும் தமிழ்ப் பிள்ளை, அது இந்துவோ முஸ்லிமோ, அந்தப் படத்தில் தன் தாத்தாவைப் பார்க்கும். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அந்தக் காயம் உள்ளேயே தங்கிவிடும். அதே நேரம் 1956இல் வந்த கடைசி நூலில் எமெத் என்ற கலோர்மென் இளைஞன் வருகிறான். வாழ்நாள் முழுக்க வேறு தெய்வத்தை உண்மையாக வணங்கியவன். அவனை அஸ்லான், நீ மெய்யாகச் செய்த சேவையெல்லாம் எனக்கே செய்தது என்று ஏற்றுக்கொள்கிறது. இரண்டும் ஒரே எழுத்தாளரிடம் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வேறு வழியும் இருக்கிறது. உர்சுலா லெ குவின் 1968இல் தொடங்கிய எர்த்சீ கதைகளில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் கறுப்பு, வெள்ளைத் தோல் உள்ளவர்கள்தான் கொள்ளையிட வருகிறார்கள். அங்கே தேவாலயமோ சிலுவையோ இல்லை, சீனத்தின் பழைய தாவோ சிந்தனை ஓடுகிறது. செத்துக்கொண்டிருந்த குழந்தையைப் பின்தொடர்ந்து மரணத்தின் எல்லைவரை போய், திரும்ப முடியாமல் நினைவிழந்து கிடக்கும் கெட்டை எழுப்புவது எந்தக் குருவும் இல்லை, அவன் வளர்க்கும் ஒட்டாக் என்ற சின்னப் பிராணி அவன் நெற்றிப்பொட்டை நக்கிக்கொண்டே இருக்கிறது.

சமயத்தையே எதிர்க்கும் கதைகளைக் கொடுக்கலாமா?

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். நார்னியாவைக் கடுமையாக விமர்சித்த ஃபிலிப் புல்மன் 1995இல் தொடங்கிய மூன்று நூல்களில் மதபீடம்தான் வில்லன். ஆனால் உதவியாளர்களைப் பாருங்கள்: படகுகளில் வாழும் நாடோடிகள், கூண்டுபலூன் ஓட்டுபவர், கவசத்தைப் பறிகொடுத்துக் குடித்துக் கிடக்கும் கரடி. கடவுளை வேண்டாம் என்ற எழுத்தாளரும் உதவி எங்கிருந்து வரும் என்பதில் மட்டும் பழைய வழியை விடவில்லை.

பிள்ளைக்குக் குறியீட்டை விளக்க வேண்டுமா?

முதல் வாசிப்பில் வேண்டாம். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். சிங்கம் என்றால் இன்னார், மேடை என்றால் சிலுவை என்று பட்டியல் கொடுத்தால், பிள்ளை அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டுக் கதையை இழந்துவிடும். அதற்குப் பதில் உதவியாளரைப் பற்றிக் கேளுங்கள். யார் உதவினார், அவருக்கு அதனால் என்ன நஷ்டம், உதவி வாங்கியவன் அவரை முன்பு எப்படி நடத்தினான்? மூன்றாவது கேள்வியில்தான் பிள்ளைகள் கொஞ்ச நேரம் யோசிக்கிறார்கள். பிறகு தாங்களாகவே, இது அந்தக் கோயில் கதை மாதிரி இருக்கே, எங்க பாட்டி சொன்ன நபி கதை மாதிரி இருக்கே என்று தொடங்குவார்கள். இந்த ஊரில் ஒரே சாலையை ஒட்டி செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனரின் கருணைத் தெய்வமான குவான் இன் கோயில், மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் குறியீடு புதிய பாடம் இல்லை, தினமும் பார்த்து வளர்கிறார்கள்.

எந்த மொழியில் படிக்கிறீர்கள்?

கையில் கிடைக்கும் மொழியில் படித்து, தமிழில் பேசுகிறோம்.

இங்குள்ள கதைகளில் இப்படி உதவியாளர்கள் இல்லையா?

நிறைய. பள்ளியில் மலாய்ப் பாடத்தில் படித்த சாங் கஞ்சில் என்ற சருகுமானின் கதையையே எடுங்கள். விழுந்த மரத்தின் அடியில் மாட்டிய முதலையை எருமை காப்பாற்ற, முதலை எருமையின் காலையே கவ்வுகிறது. அந்தச் சருகுமான் வந்து, நடந்ததை மறுபடி நடித்துக் காட்டுங்கள், அப்போதுதான் தீர்ப்பு சொல்ல முடியும் என்று முதலையை மறுபடி அந்த மரத்தின் அடியிலேயே மாட்ட வைத்துவிடுகிறது. இதில் சமயம் இல்லை, புத்தி மட்டும்தான், அதுவும் வேண்டும். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில், சோர் சூ கோங் என்ற துறவி காட்டுப் பாம்புகளுக்கு அடைக்கலம் கொடுத்தாராம், அவர் பெயரில் கோயில் எழுந்ததும் பாம்புகள் தாமாகவே வந்து சேர்ந்தனவாம். சீனக் குரங்குக் கதையில் துறவியோடு போகும் குரங்கு, பன்றி, நதியின் அரக்கன், குதிரையாக மாறிய நாகக் குமாரன் எல்லாருமே தண்டனை பெற்ற குற்றவாளிகள்; அவர்களைத் தேடிப்பிடித்து வழித்துணையாக அமர்த்துவது குவான் இன்.

என் மகன் சொந்தமாக மாயக்கதை எழுதுகிறான், உதவியாளரை எப்படி வைப்பது?

பிள்ளைகள் எழுதும் கதைகளில் உதவியாளர் திடீரென்று வானத்திலிருந்து குதித்து, எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறார். அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கதையின் தொடக்கத்திலேயே அவர் ஒரு தடவை வந்து போகட்டும், நாயகன் அவரைக் கவனிக்காமல் கடந்து போகட்டும், அல்லது அவசரத்திலும் நின்று ஏதாவது சின்னதாகக் கொடுக்கட்டும். உதவியாளருக்கென்று ஒரு பயமும் ஒரு வேலையும் இருக்க வேண்டும். வந்திக்குப் பிட்டு அவிப்பதுபோல, டம்னஸுக்கு சூனியக்காரி மேல் இருந்த பயம்போல. கடைசிச் செயலை நாயகனே செய்ய வேண்டும், உதவியாளர் அந்த இடம்வரை கொண்டுவந்து விடலாம். முடிவில் அவரை மறக்கக்கூடாது. கம்பனின் ராமன் வீடணனைச் சேர்த்துக்கொள்ளும்போது, படகோட்டியையும் குரங்கரசனையும் சேர்த்து எண்ணித்தான் பேசுகிறான், ‘குகனொடும் ஐவர் ஆனேம்’ என்று தொடங்கி ஏழு வரை. உங்கள் மகன் எழுதியதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், எல்லாரும் சேர்ந்து சத்தமாகப் படிப்போம்.